பூனைக்கு வாங்கிய சூரை

போன மாதம், நம்மோடு படித்தவர் ஒருவரின் மகளுக்குக் கலியாணம் முடிந்த மறுநாள் விருந்தில் நாம் பலரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டோம். கை கழுவிவிட்டுப் பழைய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து படம் எடுப்போம் என்று நின்றபோதுதான் உங்களில் சிலருக்கு முகம் சிவக்கத் தொடங்கியது. காது மடல் எரிகிறது என்றார் ஒருவர். நெஞ்சு படபடக்கிறது என்று இன்னொருவர் கதிரையில் அமர்ந்தார். பிரஷர் என்றீர்கள். வெக்கை என்றீர்கள். இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். கண்ணூறு என்று ஒரு குரலும் கேட்டது.

நான் பந்தலின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறால் இல்லை, சூரை மீன் என்று எனக்குத் தெரியும். நாலு பேருக்கு நடுவில் குரலை உயர்த்துவது எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. பள்ளியில் இடாப்பில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் பதில் ரீச்சருக்குக் கேட்காமல், வாங்கில் இருந்துகொண்டே வராதவளாகிப் போவேன். அதை நீங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். ஆனால் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன்: “சொறிக்குக் குடுக்கிற குளிசை ஒண்டு எடு. மூச்சு முட்டினா மட்டும் ஆசுபத்திரிக்கு ஓடு. இல்லாட்டிப் பின்னேரத்துக்குள்ள போயிரும்.” அவள் மற்றவர்களுக்கும் சொன்னாள். போய்விட்டது.

உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். ஒரு வாயில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. எழுதுவதென்றால் எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைவு. ஆகவே உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சூறாவளி வந்துபோனதற்கு அடுத்த வைகாசி அது. நாம் எல்லோரும் சின்னப் பிள்ளைகள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் நம் ஊர். அதற்கு முன்பெல்லாம் கடற்கரையில் நெருக்கமாகத் தென்னைகள் நின்றன. மீன் வாடிகள் அந்த நிழலில் இருந்தன. தோணியில் வந்த மீனை மணலில் கொட்டினாலும் நிழலில்தான் விழும். சூறாவளி ஒரே இரவில் அந்தத் தென்னைகளைச் சாய்த்துவிட்டது. எஞ்சியவை தலையில்லாமல் நின்றன. நிழல் போனதை நாங்கள் பிள்ளைகள் மட்டும்தான் கவனித்தோம், கால் சுட்டதால். பெரியவர்கள் தேங்காய் போனதைப் பற்றியே கதைத்தார்கள்.

வயிற்றால் வருகிற நோய்கள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழக்கமானவை. மழைக்கு வெள்ளம் நின்று கிணறு கலங்கினால் வயிற்றோட்டமும் சத்தியும் வரும். அம்மா எங்கள் கையின் மேல்தோலை இரண்டு விரலால் இழுத்துவிட்டுப் பார்ப்பார். தோல் உடனே இறங்கினால் பயமில்லை. கூடாரம்போல நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். கண் குழிந்திருக்கிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, இவ்வளவையும் பார்த்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு ஒவ்வொரு கரண்டியாகப் பருக்குவார். நெருப்புக் காய்ச்சல் என்றால் நாள்போக நாள்போகக் காய்ச்சல் ஏறும், பிள்ளை பிதற்றும். செங்கமாரி என்றால் கண் மஞ்சளாகும், சோற்றைக் கண்டாலே ஓங்காளிக்கும். இவையெல்லாம் வாய் வழியே உடம்புக்குள் போகின்றன என்று அம்மாவுக்குத் தெரியும். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் தரமாட்டார். ஈ மொய்த்த பண்டத்தைத் தொடவிடமாட்டார். எட்டாம் வகுப்பு மட்டும் படித்த அம்மா இவற்றில் பிழைவிட்டதை நான் காணவில்லை.

ஆனால் முகம் சிவக்கிற நோய்கள் வேறு கணக்கு. சின்னமுத்து, கொப்பளிப்பான் இரண்டும் அம்மாள் தருவது. அதற்கு வேப்பிலை உண்டு, இளநீர் உண்டு. மருந்து இல்லை, ஊசி இல்லை. சாப்பாட்டாலும் முகம் சிவக்கலாம் என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. பெயர் தெரியாத நோய்க்குப் பக்கத்தில் கிடக்கிற பெயரை எடுத்து வைத்துவிடுவது மனிதருக்குப் பழக்கம்.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, கல்குடாவில் வேதக்காரப் பெண் ஒருத்தியை மாதா கோயிலில் வைத்து முடித்தவர். நம் பக்க வழக்கப்படி அவர் பெண் வீட்டோடு போய்விட்டார். அதன்பின் அம்மா அவரோடு பேச்சில்லை. சூறாவளியில் மாமியின் வீடு அடியோடு போக, மாமா, மாமி, மாமியின் அண்ணன் மூவரும் நம் ஊரிலேயே மாதா கோயில் ஒழுங்கையில் ஒரு வளவைப் பிடித்துக் குடிவந்தார்கள். எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வேலி. வேலிகளுக்கு இடையில் ஒரு ஆள் நடக்கிற பாதை.

ஒரு கோபத்தைத் தூரத்தில் வைத்துக் காப்பாற்றலாம். வேலிக்கு அப்பால் வைத்துக்கொண்டு காப்பாற்றுவது கடினம். முதலில் மாமி வேலிக்கு மேலால் முருங்கைக்காய் நீட்டினாள். அம்மா வாங்கினார், பேசவில்லை. பிறகு அம்மா என் கையில் மோர் கொடுத்து அனுப்பினார். தை மாதத்தில் இரண்டு வேலியிலும் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கடப்பு வெட்டினார்கள். அதற்குப் பிறகும் அம்மா மாமியை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. “அந்தப் புள்ள” என்றுதான் சொல்வார்.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மன் கோயிலின் வண்ணக்கர். கோயிலை நடத்துகிற பெரிய பொறுப்பு அது. அப்பா கரடியனாற்றுப் பக்கம் வயல் வட்டையில் யானைக் காவலுக்குப் போய்விட்டால் எங்கள் வீட்டுக்கும் அவர் சொல்தான்.

“கடப்பு வெட்டினது சரி,” என்றார் ஒரு நாள் அம்மாவிடம். “சடங்குக் கிழமையில அதை அடைச்சிரு.”

“ஏன் அத்தான்?”

“ஏனெண்டு கேக்கிறாய். அவங்கட அடுப்பில மீன் வேகும். அந்தப் புகை இஞ்ச வந்தா வாசல் துடக்காகாதா?”

அம்மா அடைக்கவில்லை. அடைக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நம் அம்மன் கோயிலின் கதவு வருடத்தில் ஒரு முறைதான் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கதவு திறந்ததிலிருந்து, அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தி முடியும்வரை, அந்தச் சடங்குக் கிழமை முழுக்க எங்கள் ஒழுங்கையில் மீன் இல்லை, முட்டை இல்லை, தாளித்த வாசம்கூட இல்லை. இது கட்டளை. ஆனால் வாவியையும் கடலையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு பிறந்த நாக்குகள் அவை. மீன் இல்லாத சோறு தொண்டையில் நிற்கும். இரண்டையும் சமாளிக்க ஊர் ஒரு வழி வைத்திருந்தது.

அந்த வருடம் அந்த வழியால் வந்தவர் மாமியின் அண்ணன், சைக்கிளில் மீன் விற்பவர். பின்னால் பெரிய பனையோலைக் கூடை, அதன்மேல் நனைத்த சாக்கு. கைபிடியில் ரப்பர்ப் பந்து வைத்த ஊதுகுழல். விடியச் சாமத்தில் மீனை எடுத்தால், வெயில் ஏறுமுன் ஊரெல்லாம் ஊதி விற்று முடித்துவிடுவார். சடங்குக் கிழமையில் மட்டும் அந்த ஊதுகுழலின் வாயில் பழந்துணியைத் திணித்துவிடுவார். காலையில் எங்கள் ஒழுங்கைக்குள் வரமுடியாது. உச்சிப் பூசைக்கு மணி அடித்து, ஆண்கள் எல்லோரும் கோயிலுக்குள் போனபிறகு, வேலிகளுக்கு இடையிலான அந்தப் பாதையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு வேலியிலும் நின்று மெல்லக் கேட்பார்: “பூனைக்குக் கொஞ்சம் தரட்டா கா?”

அந்தக் கிழமையில் எல்லா வீட்டிலும் பூனை இருந்தது. எல்லாப் பூனைக்கும் நல்ல பசி.

இதில் என்ன நடந்தது என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மற்ற நாளில் காலையிலேயே விற்றுப்போகிற மீன், அந்தக் கிழமையில் உச்சிவரை காத்திருந்தது. முந்தைய வருடங்களில் மற்ற மீன்காரரின் மீன் தென்னை நிழலில் காத்திருந்தது. அந்த வருடம் நிழல் இல்லை. மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அடுப்பு வாயில் ஊதுவதுபோல ஊதியது. நனைத்த சாக்கு ஒரு நொடியில் காய்ந்துவிடும். ஐஸ் என்பது டவுனில் சர்பத்துக்குப் போடுகிற பொருள், மீனுக்குப் போடுகிற பொருளாக நமக்கு வரவில்லை.

நெல்லுக் குற்றுகிற நாள் அன்று, அப்பா வட்டையில் காவலில் இருந்தார். கோயிலில் பெண்கள் கூடி நெல் குற்ற வேண்டும், அம்மாவும் போகவேண்டும். என்னையும் தம்பியையும் கடப்பால் மாமியிடம் அனுப்பும்போது அம்மா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “கீரையும் சோறும் குடுங்க. வேற ஒண்டும் ஒண்ணா.”

“விளங்குது மச்சி. கீரைதான்.”

மாமி கீரைதான் சமைத்தாள். உச்சி தாண்டி அவள் அண்ணன் வந்தார். ஒழுங்கை முழுக்கப் பூனைகளுக்குக் கொடுத்தபின் மிஞ்சிய ஒரு சூரைத் துண்டைத் தங்கைக்கென்று வைத்துவிட்டுப் போனார். மாமி அதைத் திருப்பிப் பார்த்தாள், மணந்து பார்த்தாள், விரலால் அமத்திப் பார்த்தாள். நல்ல மீன். கொறுக்காப்புளி போட்டு மண்சட்டியில் புளியாணக் குழம்பு வைத்தாள். மாமா ஆலையில் வேலை முடிந்து வந்து சாப்பிடுவதற்கு.

தம்பிக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. தொய்வுக்காரப் பிள்ளை, கூதல் காற்றுக்கே மூச்சு இழுக்கும். சோற்றை வாயில் வைத்தால் விழுங்கமாட்டான். அந்தப் புளியாணம் கொதிக்கக் கொதிக்க அவன் போய்ச் சட்டிக்குப் பக்கத்தில் சம்மாணம் கட்டி இருந்துவிட்டான். அழவில்லை, கேட்கவில்லை. மூடியைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

“இஞ்ச வா மனே. கீரை தாறன்.”

அவன் அசையவில்லை.

“உங்கம்மா என்னைக் கொல்லுவா.”

அவன் மூடியையே பார்த்தான். மாமி என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன்.

“சின்னப் புள்ளைக்கு என்ன விரதம்,” என்று மாமி தனக்குள் சொல்லிக்கொண்டு ஒரு துண்டை எடுத்து முள் பார்த்து இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் ஊட்டினாள். அவளும் ஆணத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “மிளகு கூடிப்போச்சோ,” என்றாள். மிளகு கூடவில்லை. நாக்கில் சின்னச் சின்ன ஊசி குத்துவதுபோல இருந்ததே, அதுதான் அந்த மீன் தருகிற ஒரே எச்சரிக்கை. அதை இன்றும் மறக்கமாட்டேன். வேறு எந்த அடையாளமும் அதில் இல்லை.

கை கழுவிய ஈரம் காய்வதற்குள் தொடங்கியது. முதலில் காது. பிறகு கன்னம், கழுத்து, நெஞ்சு. சுண்ணாம்புச் சூளைக்கு முன்னால் நிற்பதுபோல உள்ளிருந்து ஒரு சூடு. தலைக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். வயிறு முறுக்கியது. தோலெல்லாம் தடித்துக் கடித்தது. தம்பியின் முகம் செம்பரத்தம்பூவாகிவிட்டது. மாமி எங்கள் இருவரையும் கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். குறையவில்லை. இரண்டு கையிலும் எங்களைப் பிடித்துக்கொண்டு கடப்பால் ஓடிவந்தாள்.

அம்மா அப்போதுதான் கோயிலால் வந்து தலைமுடியில் ஒட்டிய உமியைத் தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் பெரியப்பாவும் வந்து சேர்ந்தார். உச்சிப் பூசை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சால்வையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். அந்த வெக்கையில் ஏன் சால்வையால் கழுத்தை மூடினார் என்று அப்போது எவரும் கேட்கவில்லை.

பெரியப்பா எங்களைப் பார்த்ததும் கை கூப்பினார்.

“அம்மாள்,” என்றார். “ரெண்டு புள்ளைக்கும் கண்டிரிக்கு. வேப்பிலை ஒடி.”

“என்ன குடுத்தீங்க?” அம்மா மாமியைக் கேட்டார்.

மாமி வாயைத் திறந்தாள். அதற்குள் பெரியப்பா சொன்னார்: “என்ன குடுத்தா என்ன? அடுப்புப் புகை போதும். அடை எண்டு சொன்னனா இல்லையா? இது அதுக்கு வந்த பதில்.”

பிழை எங்கே என்று அவர் காட்டிவிட்டார். அம்மா கடப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்தக் கடப்பு மூடுவது எனக்குத் தெரிந்தது.

எங்களைப் பாயில் வேப்பிலை பரப்பிக் கிடத்தினார்கள். அடுத்த வீட்டிலும் ஒருவருக்கு அம்மாள் கண்டிருக்கிறது என்று சொன்னார்கள், அதற்கடுத்த வீட்டிலும். பெரியப்பா திருப்தியோடு தலையசைத்தார். ஊரெல்லாம் அம்மாள் நடக்கிறாள் என்றார். அவருடைய கையும் கழுத்துப் பக்கம் போய்ப்போய் வந்தது.

அப்போதுதான் தம்பியின் மூச்சு மாறியது. முதலில் ஒரு விசில் சத்தம். பிறகு தோள் இரண்டும் மேலே ஏறின. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் ஒட்டியது. அவன் எழுந்து இருந்து இரண்டு கையையும் பாயில் ஊன்றிக்கொண்டான். பேசமுடியவில்லை. அம்மா வழக்கமான தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி நெஞ்சில் தேய்த்தார். விசில் சத்தம் குறைந்தது. அம்மாவுக்கு அது குறைவதன் அர்த்தம் தெரியும். காற்றே போகவில்லை.

“டவுன் ஆசுபத்திரிக்குக் கொண்டு போவம்,” என்றாள் மாமி.

“கதவு திறந்து கிடக்கிற கிழமை,” என்றார் பெரியப்பா. “அம்மாள் வந்து இரிக்கிற உடம்பில ஊசி ஏத்துறதா? மறுகா ஊருக்கு என்ன வரும் எண்டு தெரியுமா உனக்கு? உனக்கெங்க தெரியும்.”

“எனக்குத் தெரியாதுதான் அண்ணன். அம்மாள் வந்தா முத்துப் போடும் எண்டு சொல்லுவீங்க. இவனுக்கு முத்து ஒண்டும் இல்ல. மூச்சுத்தான் இல்ல.”

“வாயை மூடு.”

மாமி மூடவில்லை. அவள் பார்த்தது பெரியப்பாவை அல்ல, அம்மாவை. “மச்சி, இவன்ட சொண்டைப் பாருங்க.”

தம்பியின் உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. அம்மா ஒரு தரம் பெரியப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அனுமதி கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

“தோணியை அவிழு,” என்றார் மாமியிடம்.

பாலத்தால் சுற்றிப்போகிற பஸ் பின்னேரம்தான் வரும். டவுன் இருக்கிற புளியந்தீவுக்கு வாவியால் நேரே போகலாம். மாமி வாவிக் கரையில் கட்டிக் கிடந்த அண்ணனின் தோணியைத் தள்ளி ஏறினாள். அவள் கடற்கரைப் பிள்ளை, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு கம்பை ஊன்றினாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெண்கள் தோணி தள்ளிப்போவதைப் பார்க்கமுடியாது. கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். கச்சான் நேர் எதிரே அடித்தது. வாவித் தண்ணீர் அலை அலையாக முகத்தில் தெறித்தது. எரிந்த கன்னத்துக்கு அது சுகமாக இருந்தது. நான் தோணியின் முன்பக்க அணியத்தில் தம்பியின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அவனை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து ஒவ்வொரு மூச்சுக்கும் “இன்னொண்டு, இன்னொண்டு” என்றார். மாமி ஒன்றும் பேசவில்லை. அவள் கம்பை ஊன்றும்போது வாய் மட்டும் அசைந்தது. மாதாவைக் கூப்பிட்டிருப்பாள். அம்மாவின் வாயும் அசைந்தது. யார் யாரைக் கூப்பிட்டார்களோ, தோணி ஒன்றுதான்.

ஆசுபத்திரியில் இளவயது டொக்டர் ஒருவர் தம்பியைக் கண்டவுடன் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். ஊசி போட்டார்கள். முகத்தில் மூடி ஒன்றை வைத்துக் காற்று விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் திரும்ப வந்தது. அந்தச் சத்தத்தை அவ்வளவு ஆசையாக நான் ஒருநாளும் கேட்டதில்லை.

டொக்டர் தம்பியின் கழுத்தைப் பார்த்தார். திரும்பி என்னையும் பார்த்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்லையே. ரெண்டு பேருக்கும் ஒரே நேரமா வந்தது? இண்டைக்கு என்ன சாப்பிட்டவங்க?”

“கீரையும் சோறும் ஐயா,” என்றார் அம்மா. “சடங்குக் கிழமை.”

டொக்டர் புருவத்தைச் சுருக்கினார். மாமி சுவரோடு நின்றாள். கம்பு ஊன்றிய உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. அவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “கீரை இல்ல ஐயா. சூரை. நான்தான் குடுத்தன்.”

அம்மா திரும்பினார்.

“நான் சொல்லிப்போட்டுத்தானே போனன்.”

“ஓம் மச்சி, சொன்ன நீங்க. அவன் சட்டிக்குப் பக்கத்தில போய் இருந்தான். எனக்கு ஏலாமப் போச்சு.” அவள் குரல் நடுங்கவில்லை. “இனி உங்கட வாசலை மிதிக்க வேணாமெண்டா நான் மிதிக்கல்ல. கடப்பை அடைங்க. ஆனா டொக்டர் கேக்கக்குள்ள பொய் சொல்லிப் புள்ளையைக் குடுக்க ஏலா.”

டொக்டர்தான் கதைத்தார். அவருக்கு நம் வீட்டு வழக்கு தெரியாது, ஆகவே ஆறுதலாகக் கதைத்தார்.

“சூரையா? எவ்வளவு நேரம் வெயிலில கிடந்தது?”

“உச்சிமட்டும் கிடந்திரிக்கும் ஐயா. ஆனா நல்ல மீன். மணந்து பார்த்த நான்.”

“மணக்காது அம்மா. அதுதான் இதில உள்ள பிரச்சினை. சூரை மாதிரி மீன் சூட்டில கிடந்தா சதைக்குள்ள ஒரு நஞ்சு ஊறும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அவிச்சாலும் பொரிச்சாலும் போகாது. முகம் சிவக்கும், கடிக்கும், தலை இடிக்கும், நெஞ்சு அடிக்கும். மற்றவங்களுக்கு ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில தன்னால போயிரும். தொய்வுக்காரருக்கு விடாது. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா…” அவர் அதை முடிக்கவில்லை. “அந்த மீனைத் தின்ற வேற ஆருக்கும் இப்படி இரிக்கா?”

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: “அடுத்த வீட்டில ஒராளுக்கு. அதுக்கடுத்த வீட்டில.” கொஞ்சம் நிறுத்தினார். “எங்கட அத்தானும் சால்வையால கழுத்தை மூடிக்கொண்டு நிண்டார்.”

“வண்ணக்கர் வீட்டுக்கும் அண்ணன் குடுத்தவர்தான்,” என்றாள் மாமி. “பூனைக்கு எண்டு.”

அம்மா நிமிர்ந்தார். “அத்தான் வீட்டில ஏது பூனை?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து டொக்டர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் முதுகும் குலுங்கியது. பயம் இறங்கும்போது வருகிற சிரிப்பை நிறுத்தமுடியாது. நிற்கும்போது அது அழுகையாகத்தான் நின்றது. அம்மா மாமியின் கைகளை விரித்துக் கொப்பளங்களைப் பார்த்தார்.

“எண்ணெய் பூசவேணும் மச்சி,” என்றார்.

அந்தச் சொல்லை அம்மாவின் வாயால் அன்றுதான் முதலில் கேட்டேன்.

எனக்கு ஒரு குளிசை தந்தார்கள். ஊருக்குள் சிவந்து கிடக்கிறவர்களுக்கென்று கடதாசியில் சுற்றி இன்னும் கொஞ்சம் தந்தார்கள். தம்பியோடு மாமியை ஆசுபத்திரியில் விட்டுவிட்டு, அம்மாவும் நானும் பின்னேர பஸ்ஸில் திரும்பினோம். வருகிற வழியெல்லாம் அம்மா அந்தக் கடதாசிச் சுருளை மடியில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா எங்கள் வாசலிலேயே இருந்தார். நெற்றியில் வேப்பிலை கட்டியிருந்தது. சால்வை இல்லை, கழுத்தெல்லாம் நகக் கீறல்.

“புள்ள எப்பிடி?” என்றுதான் முதலில் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

“மூச்சு வந்திட்டுது அத்தான். நித்திரை கொள்ளுறான். மச்சி கொண்டு போகாட்டி இண்டைக்கு என்ட மகன் இல்ல.”

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கடதாசியைப் பிரித்து ஒரு குளிசையை எடுத்தார்.

“டொக்டர் தந்தவர். போடுங்க.”

“எனக்கேன்? எனக்கு அம்மாள்…”

“அம்மாளுக்கு இல்ல அத்தான். வெக்கைக்கு.”

ஒழுங்கையில் ஆட்கள் நின்றார்கள். பெரியப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை, வண்ணக்கருக்குக் கொடுக்கிற மரியாதை மட்டும் இருந்தது. அவர் குளிசையை வாங்கி, ஒரு பக்கம் திரும்பி, விழுங்கினார். அதைப் பார்த்தபின் மற்ற வீடுகளிலிருந்தும் வெக்கைக்குக் குளிசை கேட்டு வந்தார்கள். எவரும் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எங்கள் ஒழுங்கையில் அம்மாள் எல்லா வீட்டையும் விட்டுப் போய்விட்டாள்.

கடப்பு திறந்தே கிடந்தது. மாமியின் அண்ணன் மிச்சக் கிழமை முழுவதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தார். “எனக்கும் விரதம்,” என்று சொல்லிவிட்டார். சடங்கு முடிந்தபின் டவுனிலிருந்து ஐஸ் வாங்கி உமிக்குள் புதைத்து மீன் கொண்டுவந்த முதல் ஆள் நம் ஊரில் அவர்தான். அந்தப் பனையோலைக் கூடையும் பந்து வைத்த ஊதுகுழலும் பிறகு யுத்தம் வந்த பிரச்சினைக் காலத்தில் அந்த வீட்டோடு போய்விட்டன. ஐஸ் போடுகிற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அதை நான் எவருக்காகவும் விட்டதில்லை. மீன்காரரின் பெட்டியில் கை வைத்துப் பார்த்து, விரல் விறைக்காவிட்டால் சூரை வாங்கமாட்டேன். எவ்வளவு மலிவென்றாலும் வாங்கமாட்டேன். வாங்கினால் நேரே வீட்டுக்கு வருவேன், வழியில் எவரோடும் கதைக்கமாட்டேன். எனக்கு அது கஷ்டமில்லை.

அந்த வருடக் குளிர்த்தி நாளன்று அம்மா மாமியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். மாமி உள்ளே வரவில்லை. கோயில் வெளிவீதியில் வேம்புக்குக் கீழே, முக்காடு போட்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குளிர்த்தித் தண்ணீரை வேப்பிலையால் சனங்கள் மேல் தெளித்தார்கள். சில துளி அவள் மேலும் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. ஊர்ச் சனங்கள் பார்த்தார்கள், அடுத்து வண்ணக்கரைப் பார்த்தார்கள். பெரியப்பா சனங்களை விலக்கிக்கொண்டு வேம்படிக்கு வந்தார். தம்பியின் தலையில் கை வைத்தார்.

மாமிதான் கேட்டாள், முகத்தில் ஒரு கோடும் அசையாமல்: “உங்கட பூனைக்கு இப்ப சுகமா அண்ணன்?”

அம்மா சட்டென்று கோயில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியப்பா அங்கும் இங்கும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். மாமிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். அருகில் நின்றதால் எனக்கும் கேட்டது.

“சுகம் புள்ள. குளிசை நல்லா வேலை செய்தது.”

பிறகு எல்லோருக்கும் கேட்கிற தன் வண்ணக்கர் குரலில், “ஏன் வெளியில நிக்கிறீங்க? புள்ளையைக் கொண்டு உள்ள வாங்க,” என்றார்.